மர்ம கேம் ஒண்ணே ஒண்ணுதான் வாங்கணும்னா எதை வாங்குறது?

போன மாசம் ஆபீஸ்ல டீ குடிச்சிட்டு இருக்கப்போ கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் கேட்டான், அண்ணே சேல் வருது, இந்தக் கொலை, விசாரணை, துப்பு துலக்குறதுன்னு கதையோட வர கேம் ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்னு. ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல என்கிட்ட வாயைக் குடுத்தா அவ்வளவுதான், டீ ஆறிப்போச்சு, மேனேஜர் எட்டிப் பாத்துட்டாரு, பாதியிலயே எந்திரிக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு விட்டதை இங்க எழுதுறேன், அவனுக்கும் ஆச்சு, இதே கேள்வியோட சுத்திட்டு இருக்குற மத்தவங்களுக்கும் ஆச்சு.

அவன் நிலவரம் என்னன்னா, லேப்டாப் ஒண்ணு இருக்கு, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் கிடைக்கும், ஞாயித்துக்கிழமைன்னா கொஞ்சம் கூட. இங்கிலீஷ் படிச்சா புரியும், வேகமா பேசினா சப்டைட்டில் வேணும். நம்மள்ல பாதிப் பேருக்கு இதே நிலவரம்தான், அதனால இதையே அளவுகோலா வச்சுக்கலாம்.

கதை எப்படி, படம் எப்படின்னு எல்லாரும் பாப்பாங்க, அது அப்புறம். நான் முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: துப்பு துலக்குறது யாரு, நீங்களா இல்ல கேம்ல வர ஹீரோவா? நிறைய கேம்ல என்ன நடக்கும்னா, ரூமுக்குள்ள பளபளன்னு மின்னுற பொருளையெல்லாம் ஒண்ணு விடாம க்ளிக் பண்ணுவீங்க, கடைசிப் பொருளை க்ளிக் பண்ணதும் ஹீரோ தாடையைத் தடவிட்டு "ஆஹா, அப்போ கொலை பண்ணது அவன்தான்"னு சொல்லிடுவான். நீங்க அவனுக்குப் பை தூக்கிட்டுப் போனீங்க, அவ்வளவுதான். இதுக்கு ஒரு க்ரைம் நாவலை வாங்கி பஸ்ல படிச்சிடலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சரி, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கன்னே வைங்க, அது சரியா தப்பான்னு கேம் எப்படிச் சொல்லும்? நாலு பேர்ல ஒருத்தனைக் காட்டுன்னு கேட்டா, நாம என்ன யோசிக்கவா போறோம், இங்கி பிங்கி பாங்கி போட்டு ஒருத்தனைத் தொடுவோம், தப்புன்னா சேவ் பண்ண இடத்துல இருந்து லோட் பண்ணி அடுத்தவன். இந்த இங்கி பிங்கியை ஒரு கேம் எப்படித் தடுக்குதுங்குறதுலதான் இந்த வகை கேமோட மொத்த சூட்சுமமும் இருக்குன்னு நான் நினைக்கிறேன். கீழ இருக்குற ஏழையும் அந்தக் கண்ணோட பாருங்க.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018ல வந்தது, லூகாஸ் போப்னு ஒரே ஆள் பண்ணது, இதுக்கு முன்னாடி 2013ல பேப்பர்ஸ் ப்ளீஸ்னு ஒண்ணு பண்ணவர். கதை 1807ல நடக்குது. 1802ல லண்டன்ல இருந்து சரக்கு ஏத்திட்டுக் கிளம்பின கப்பல், நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவே இல்ல, கடல்ல போச்சுன்னு கணக்கை முடிச்சிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு காலைல இங்கிலாந்துல ஃபால்மத் துறைமுகத்துப் பக்கம் அதுவா மிதந்து வந்து நிக்குது, பாய்மரம் கிழிஞ்சு, ஆள் அரவமே இல்லாம. நீங்க கிழக்கிந்தியக் கம்பெனியோட இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர். ஆமா, நம்மளைச் சுரண்டிட்டுப் போன அதே கம்பெனிதான், அவங்க நஷ்டக் கணக்கை எழுத நாம நைட் டூட்டி பாக்குறோம், கொடுமை. கப்பல்ல போன 60 பேர்ல இந்தியாவுல இருந்து வந்த மாலுமிகளும் இருக்காங்க, அந்தப் பட்டியலை முதல் தடவை படிக்கிறப்போ எனக்கு அங்கயே கொஞ்ச நேரம் கண்ணு நின்னுடுச்சு.

உங்க வேலை இந்த 60 பேருக்கும் பேரு என்ன, என்ன ஆனாங்க, செத்திருந்தா எப்படி, கொன்னது யாருன்னு ஒரு புக்ல நிரப்பணும். கையில ஒரு பாக்கெட் கடிகாரம் குடுப்பாங்க, பிணத்துக்கிட்டப் போய் அதைத் தொறந்தா அந்த ஆள் செத்த நொடிக்குக் கூட்டிட்டுப் போகும். முதல்ல கறுப்புத் திரையில சத்தம் மட்டும் கேக்கும், அப்புறம் அந்த நொடி அப்படியே சிலை மாதிரி உறைஞ்சு நிக்கும், நீங்க அதுக்குள்ள நடந்து பாக்கலாம்.

முதல் பிணத்தை மட்டும் சொல்றேன், அது ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷத்துல வந்துடும், ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. இருட்டுல குரல் கேக்குது, "கேப்டன், கதவைத் தொற"ன்னு வெளிய இருந்து ஒருத்தன் கத்துறான், உள்ள இருந்து ஒருத்தர் பதில் சொல்றாரு, படார்னு துப்பாக்கி சத்தம். திரை விலகுனா கதவு வாசல்ல ஒருத்தர் துப்பாக்கியோட நிக்கிறார், எதிர்ல ஒருத்தன் குண்டு பட்டு விழுறான், பக்கத்துல இன்னும் ஆளுங்க இருக்காங்க. யாரும் உங்ககிட்ட எதையும் சொல்லல. ஆனா உள்ள இருந்தவரை கேப்டன்னு கூப்பிட்டாங்கல்ல, சுட்டவர் உள்ள இருந்தவர், அப்போ துப்பாக்கி வச்சிருக்கவர்தான் கேப்டன், பட்டியல்ல கேப்டனுக்கு ஒரே பேருதான். முடிஞ்சது, ஒரு ஆள் கிடைச்சாச்சு. செத்தவன் பேரு? அது தெரியாது. வெளிய நின்னவங்க பேரு? அதுவும் தெரியாது. இன்னும் எத்தனையோ பிணத்தைப் பாத்துட்டு ஒரு நாள் திரும்ப வந்து நிக்கிறப்போதான் அது புரியும். பேச்சுல வர உச்சரிப்பு, போட்டிருக்குற துணி, சாப்பிடுறப்போ யாரு யாரு பக்கத்துல உக்காந்திருக்கான், யாரு யாருக்கு வேலை செய்யுறான்னு எல்லாமே க்ளூ.

இங்கி பிங்கியை இது தடுக்குற விதம் இருக்கே, அதுக்கே ஒரு சல்யூட். ஒருத்தன் கதையைச் சரியா எழுதுனா உடனே சரின்னு சொல்லாது. மூணு பேரோட விவரம் மொத்தமா சரியா இருந்தாத்தான் அந்த மூணையும் அச்சடிச்சு உறுதி பண்ணும். 60 பேரு இருக்குற பட்டியல்ல, சாவுறதுக்கு இத்தனை வழி இருக்குறப்போ, மூணு பேருக்கு குருட்டாம்போக்குல அடிச்சு ஜெயிக்க முடியாது. அதே நேரம் ஒரேயடியா கழுத்தையும் நெறிக்கல, ரெண்டு பேரு உறுதியாத் தெரியும், மூணாவது ஆள் இவனா அவனான்னு சந்தேகம்னா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக்கலாம். நான் அப்படி ஏழெட்டு பேரை ஒப்பேத்தினேன், வெக்கமெல்லாம் இல்ல.

நான் இதுக்குன்னு ஒரு 80 பக்க நோட்டு போட்டேன். இடது பக்கம் பேரு, வலது பக்கம் மூஞ்சி அடையாளம், "தாடி, தொப்பி இல்ல, ரெண்டாவது டெக்குல தூக்கிட்டுப் போனவன்" இந்த மாதிரி. அம்மா ஒரு நாள் அதை எடுத்துப் பாத்துட்டு, என்னடா இது கல்யாணத்துக்கு மொய் எழுதுன மாதிரி இருக்குன்னு கேட்டாங்க. மொய்தான், முக்காவாசிப் பேரு செத்துட்டாங்கன்றதுதான் வித்தியாசம்.

குறைன்னா ரெண்டு இருக்கு. படம் முழுக்க ரெண்டே கலர், பழைய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர் மாதிரி புள்ளி புள்ளியா. கலரை மாத்திக்கலாம், ஆனாலும் ரெண்டு கலர்தான். எனக்குப் பிடிச்சது, என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு அரை மணி நேரத்துல தலைவலி வந்துடுச்சு. ரெண்டாவது, மிட்ஷிப்மேன், டாப்மேன், ஸ்டூவர்ட்னு கப்பல் வேலை பேரெல்லாம் நமக்குப் பழக்கம் இல்ல, புக்லயே அகராதி மாதிரி ஒரு பக்கம் இருக்கு, அதை முதல்ல படிச்சிடுங்க. எனக்கு 12 மணி நேரம் ஆச்சு, சுறுசுறுப்பான ஆளுங்க எட்டுல முடிப்பாங்க. பெரிய வருத்தம் என்னன்னா இதை ரெண்டாவது தடவை விளையாட முடியாது, விடை தெரிஞ்சிட்டா தெரிஞ்சதுதான்.

இதையே கொஞ்சம் கொஞ்சமா, டிபன் பாக்ஸ்ல போட்டுக் குடுத்த மாதிரி வேணும்னா தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல். 2022ல வந்தது, லாட்வியா நாட்டைச் சேர்ந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு சேர்ந்து பண்ணது. 18ஆம் நூற்றாண்டுல நடக்குற கதை, ஒரு தங்கச் சிலை கை மாறிக்கிட்டே போகுது, போற இடத்துல எல்லாம் ஒரு சாவு விழுது. ஒவ்வொரு கேஸும் ஒரு உறைஞ்ச காட்சி. முதல் கேஸ்ல மலை விளிம்புல ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளிட்டான், அவன் கீழ போய்ட்டு இருக்கான், அதுலயே நிக்கும். நீங்க அவங்க பாக்கெட்டைத் துழாவி, லெட்டரைப் படிச்சு, அதுல இருந்து பேரு, பொருள், செயல்னு வார்த்தைகளைப் பொறுக்கணும். அப்புறம் ஒரு தாள்ல "இவன் இவனை இதுக்காக இப்படிக் கொன்னான்"ங்குற மாதிரி வாக்கியம் கோடிட்ட இடத்தோட இருக்கும், பொறுக்குன வார்த்தைகளை அதுல வைக்கணும். பள்ளிக்கூடத்துல கோடிட்ட இடத்தை நிரப்புக பண்ணோம்ல, அதேதான், ஆனா ரத்தத்தோட.

இங்கி பிங்கிக்கு இங்க வேற மருந்து. எல்லாம் நிரப்பினதும் சரியா இல்லையான்னு சொல்லும், ரெண்டோ அதுக்கும் கம்மியாவோ தப்பு இருந்தா அந்த விஷயத்தை மட்டும் சொல்லும், எது தப்புன்னு சொல்லாது. இது ரொம்ப அழகான கொடுமை. கிட்ட வந்துட்டோம்னு தெரியுது, எங்க இடறுதுன்னு தெரியல. அப்போதான் நாம உறுதின்னு நம்பிட்டு இருந்த ஏதோ ஒண்ணை மறுபடி சந்தேகப்படத் தோணும், பெரும்பாலும் தப்பு அங்கதான் இருக்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு, தனியா ஆட வேண்டியது இல்ல. நான் ஹால்ல டிவில போட்டு ஆடினேன், தங்கச்சி வந்து சோபால உக்காந்தா, அப்புறம் அம்மா வெங்காயம் உரிச்சிக்கிட்டே வந்து நின்னாங்க. நான் லெட்டரையெல்லாம் தமிழ்ல சொல்லச் சொல்ல அம்மா "முதல்ல அந்த நெட்டையன் பாக்கெட்டைப் பாரு, முழிக்கிற முழியே சரியில்ல"ன்னாங்க. பாத்தா அதுலதான் விஷயம் இருந்துச்சு. முப்பது வருஷம் சீரியல் பாத்த அனுபவம் சும்மா இல்ல. மூஞ்சிங்க எல்லாம் கோரமா, அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம் மாதிரி வரைஞ்சிருப்பாங்க, முதல்ல அருவருப்பா இருக்கும், மூணாவது கேஸ்ல பழகிடும்.

கூடுதலா ரெண்டு சின்னப் பகுதி 2023ல வந்தது, பேரு தி ஸ்பைடர் ஆஃப் லங்கா, தி லெமூரியன் வாம்பயர். லெமூரியான்னதும் குமரிக்கண்டம்னு யாரும் துள்ளி எந்திரிக்காதீங்க, பேரை மட்டும் எடுத்துக்கிட்டு அவங்க பாட்டுக்கு கற்பனையா ஓட்டியிருக்காங்க, நம்ம பஃறுளி ஆறெல்லாம் அதுல இல்ல. 1970கள்ல நடக்குற ரெண்டாவது கேம், தி ரைஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல், 2024ல வந்தது, அது இன்னும் பெருசு, ஆனா முதல்ல முதலாவதையே ஆடுங்க. லேப்டாப் எவ்வளவு பழசா இருந்தாலும் ஓடும். மொபைல்லயும் ஒரு காலத்துல நெட்ஃபிளிக்ஸ் வழியா கிடைச்சுது.

ஹெர் ஸ்டோரி 2015. சாம் பார்லோ எழுதி இயக்கினது. இதுல விளையாடுறதுக்குன்னு எதுவுமே இல்லன்னு சொல்லலாம், ஒரு பழைய போலீஸ் கம்ப்யூட்டர், ஒரு தேடல் பெட்டி. 1994ல ஒரு பொண்ணை புருஷன் காணாமப் போன விஷயமா போலீஸ் விசாரிச்ச வீடியோ 271 துண்டா வெட்டிக் கிடக்கு. நீங்க ஒரு வார்த்தை டைப் பண்ணா அந்த வார்த்தையை அவ சொல்ற துண்டுங்க வரும், ஆனா எத்தனை இருந்தாலும் தேதி வரிசையில முதல் அஞ்சை மட்டும்தான் காட்டும். அந்த அஞ்சுலதான் உயிரே இருக்கு. புருஷன்னு தேடி நிறைய வந்தாலும் காட்டுறது அஞ்சு, மிச்சத்தைப் பாக்கணும்னா அவ வேற என்ன வார்த்தை சொல்லியிருப்பான்னு நீங்க யோசிக்கணும், அப்போ நீங்க நிஜமாவே போலீஸ்காரன் மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிடுவீங்க. நடிச்சது வீவா சைஃபர்ட், ஒரே ஆள் மொத்தத்தையும் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க.

ஆனா இது உங்க விடையைத் திருத்தவே திருத்தாது. கொலைகாரன் யாருன்னு எந்த இடத்துலயும் கேக்காது. போதும்னு உங்களுக்குத் தோணினா போதும். இங்கி பிங்கி போட வாய்ப்பே இல்ல, ஏன்னா பரீட்சையே இல்ல. என் ஃப்ரெண்டுக்கு இது சுத்தமா பிடிக்கல, என்னங்க முடிஞ்சதா இல்லையான்னே தெரியலன்னான். நானும் அவனும் அந்தக் கதையில நிஜமா என்ன நடந்துச்சுன்னு ரெண்டு விதமா நம்பிட்டு இருக்கோம், நாலு வருஷமா சண்டை ஓடுது. மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், போன்லயே ஆடலாம், விலையும் கம்மி. ஆனா இங்கிலீஷ் காதுல நல்லா விழணும், சப்டைட்டில் இருக்கு, இருந்தாலும் ஒரு சொல்லுக்குப் பக்கத்து சொல் உங்களுக்குச் சட்டுனு தோணலைன்னா அங்கயே முட்டிட்டு நிப்பீங்க.

இது வரைக்கும் சொன்ன மூணுலயும் மூளை உங்களோடது. இனிமே வரதுல, கடைசி ஒண்ணைத் தவிர, ஹீரோவுக்கும் பங்கு உண்டு.

ஃபீனிக்ஸ் ரைட் ஏஸ் அட்டர்னி பத்தி கேள்விப்படாதவங்க கம்மி. ஜப்பான்ல 2001ல கேம் பாய் அட்வான்ஸ்ங்குற கையடக்க கேம் கருவிக்கு வந்தது, காப்காம் கம்பெனி, எழுதி இயக்கினவர் ஷூ தகுமி. முதல் மூணு கேமும் சேர்ந்த தொகுப்பு 2019ல கம்ப்யூட்டர், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாத்துக்கும் வந்துச்சு, மொத்தம் 14 கேஸ். நீங்க டிஃபன்ஸ் வக்கீல். சாட்சி கூண்டுல நின்னு பொய் சொல்லுவான், அவன் சொல்ற ஒவ்வொரு வரியையும் நோண்டிக் கேக்கலாம், எந்த வரி பொய்யோ அதுல சரியான ஆதாரத்தைத் தூக்கிப் போட்டா, நம்ம ஆளு விரலை நீட்டி "அப்ஜெக்‌ஷன்"னு கத்துவான், மியூசிக் மாறும், சாட்சிக்கு வேர்த்து ஊத்தும். உடம்பு சிலிர்க்கும் சாமி. முதல் கேஸ்ல கொலைகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே காட்டிடுவாங்க, ஆனாலும் அவன் வாயில இருந்து பொய்யை உருவுறது அவ்வளவு சுகமா இருக்கும். நம்மூர் கோர்ட் சீன்ல வர ஆவேசம் உங்களுக்குப் பிடிக்கும்னா இது உங்களுக்குன்னே செஞ்சது.

தப்பான ஆதாரம் காட்டினா ஜட்ஜ் தண்டனை போடுவாரு, முதல் கேம்ல அஞ்சு தடவை ஆனா கேஸ் போச்சு. கேக்க பயமா இருக்கும், ஆனா இடையில சேவ் பண்ணிக்கலாம், அதனால இங்கி பிங்கி தாராளமா நடக்கும். அதை விட பெரிய எரிச்சல் ஒண்ணு இருக்கு, ஆடினவங்க எல்லாரும் தலையாட்டுவீங்க. உங்களுக்கு உண்மை தெரிஞ்சிடும், முழுசாத் தெரிஞ்சிடும், ஆனா கேம் எதிர்பாக்குற அந்த ஒரு வரியில அந்த ஒரு பொருளைத்தான் காட்டணும். நீங்க மூணு படி முன்னாடி போய் நின்னுட்டு இருப்பீங்க, ஃபீனிக்ஸ் பின்னாடி மெதுவா வந்துட்டு இருப்பான். நான் ஒரு தடவை கடுப்பாகி லேப்டாப்பை மூடிட்டுப் படுத்துட்டேன், மறுநாள் காலைல பல்லு விளக்குறப்போதான் அந்த ஆதாரத்தை அடுத்த வரியில காட்டணும்னு உறைச்சுது. இன்னொண்ணு, இது முக்கால்வாசி படிக்கிறதுதான். மூணையும் முடிக்க 60 மணி நேரம் ஆகும், கொட்டாவி விடுற கேஸும் நடுவுல இருக்கு. ஆனா பாத்திரங்கள் மேல பாசம் வந்துடும், கூடவே வர உதவியாளர் பொண்ணு மாயா இல்லாத கேஸ்ல வீடே வெறிச்சுனு இருக்குற மாதிரி இருக்கும்.

எல்.ஏ. நுவார் பத்தி சுருக்கமா. 2011, டீம் பாண்டைங்குற ஸ்டுடியோ உருவாக்கி ராக்ஸ்டார் கம்பெனி வெளியிட்டது, 1947 லாஸ் ஏஞ்சலஸ், நீங்க போலீஸ். நடிகரைச் சுத்தி 32 கேமரா வச்சு மூஞ்சியை அப்படியே பிடிச்சிருக்காங்க, எதிர்ல இருக்கறவன் பேசுறப்போ கண்ணு போற திசை, உதட்டைக் கடிக்கிறதைப் பாத்து உண்மையா, சந்தேகமா, பொய்யான்னு நீங்க சொல்லணும். ஐடியா பிரமாதம். நடைமுறையில சந்தேகம்னு அமுக்கினா சாந்தமா பேசிட்டு இருந்த நம்மாளு திடீர்னு ஒரு பாட்டியைப் பாத்து கத்துவான், நாம என்ன நினைச்சு அமுக்கினோம் இவன் என்ன பேசுறான்னு ஆகிடும். 2017ல மறுபடி வெளியிட்டப்போ பட்டன் பேரையெல்லாம் மாத்தினாங்க, ஓரளவு பரவால்ல. நீங்க தப்பு பண்ணாலும் கேஸ் நடந்துட்டே இருக்கும், தப்பான ஆள் உள்ள போவான், கடைசியில மேலதிகாரி திட்டுவாரு, அவ்வளவுதான். கார் ஓட்டுறது, துரத்துறது எல்லாம் இருக்கு, சும்மா ஊர் சுத்திப் பாக்க நல்லாருக்கும். தம்பியோட லேப்டாப்புக்கு இது கொஞ்சம் பாரம், அதனால இது கணக்குல இல்ல.

டிஸ்கோ எலிசியம்தான் சிக்கலான ஆளு. இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கே கட்டுப்பாடு இல்ல. 2019, எஸ்டோனியாக்காரங்க ஆரம்பிச்ச ஸ்டுடியோ, இந்தக் கேமுக்கு அப்போ தலைமை ராபர்ட் குர்விட்ஸ். ஒரு ஹோட்டல் ரூம்ல முழு போதையில எந்திரிக்கிறீங்க, உங்க பேரே உங்களுக்கு ஞாபகம் இல்ல, டை சீலிங் ஃபேன்ல சுத்திட்டு இருக்கு. அதை எட்டி எடுக்கப் போய் மாரடைப்பு வந்து அங்கயே செத்துப்போகலாம், நிஜமாத்தான் சொல்றேன், உடம்பு பலத்தைக் கம்மியா வச்சு ஆரம்பிச்சா கேம் தொடங்கின ரெண்டாவது நிமிஷத்துல ஆட்டம் க்ளோஸ். நீங்க ஒரு போலீஸ், ஹோட்டலுக்குப் பின்னாடி மரத்துல ஒரு பிணம் ஒரு வாரமா தொங்குது, அதை விசாரிக்கத்தான் வந்திருக்கீங்க. கூட கிம் கிட்சுராகின்னு ஒரு போலீஸ்காரர், இந்த ஏழு கேம்லயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன் இவர்தான், திட்டவே மாட்டாரு, மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிட்டு நோட்டுல ஏதோ எழுதுவாரு, அதுலயே நமக்கு மானம் போயிடும்.

சண்டை கிடையாது, முழுக்க பேச்சுதான். உங்க தலைக்குள்ள 24 திறமைகள் தனித்தனி ஆளுங்களா உக்காந்து உங்ககிட்ட பேசும், லாஜிக் ஒண்ணு சொல்லும், பயம் ஒண்ணு சொல்லும், அடங்காத ஆசை ஒண்ணு போய் இன்னொரு பாட்டில் அடிங்கும். கூட்டுக் குடும்பத்துல பொண்ணு பாக்கப் போன மாதிரி, ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். ஏதாவது செய்யணும்னா ரெண்டு தாயக்கட்டை உருட்டி விழுறதைப் பொறுத்துதான் நடக்கும். அதாவது துப்பு துலக்குறது நீங்களும் இல்ல, ஹீரோவும் இல்ல, தாயக்கட்டை. எதிராளி பொய் சொல்றான்னு உங்களுக்குப் பளிச்சுனு தெரிஞ்சாலும் தாயம் விழலைன்னா ஹீரோவுக்குத் தெரியாது. என் அளவுகோல்படி பாத்தா இது ஃபெயில் ஆகணும். ஆனா தோத்தாதான் இதுல கதை நல்லாருக்கும், லோட் பண்ணி மறுபடி உருட்டாதீங்க, அசிங்கப்பட்டா அசிங்கத்தோட போங்க, அப்போதான் இது என்ன சொல்ல வருதுன்னு புரியும். கொலைகாரன் யாருன்றது இங்க ரெண்டாம் பட்சம், தோத்துப்போன ஒரு ஊரும் தோத்துப்போன ஒரு மனுஷனும்தான் விஷயம்.

அப்போ ஏன் தம்பிக்குச் சொல்லல? பத்து லட்சத்துக்கு மேல வார்த்தை இருக்கு அதுல. 2021ல வந்த ஃபைனல் கட் பதிப்புல எல்லாத்துக்கும் குரல் குடுத்திருக்காங்க, கேட்டுக்கிட்டே படிக்கலாம், உதவியாத்தான் இருக்கும், ஆனா இங்கிலீஷ் லேசுப்பட்டது இல்ல, தத்துவம், அரசியல், கட்சிச் சண்டை, தொழிற்சங்கம்னு எல்லாம் கலந்து கட்டி வரும். நைட் ஒரு மணி நேரம் ஆடுறவனுக்கு ஒரே ஆள்கிட்ட பேசி முடிக்கவே அது சரியாப் போயிடும். படிக்கிறதுல பிரியம் இருக்கறவங்க, சங்கம், ஸ்ட்ரைக், டீக்கடை அரசியல்னு வளந்தவங்க கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க.

அவுட்டர் வைல்ட்ஸ், இதுவும் 2019. அதே வருஷம் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்னு வேற ஒண்ணு வந்துச்சு, பேரை மாத்தி வாங்கிடாதீங்க. இதுல கொலை இல்ல, பிணமா கிடக்குறது ஒரு பழைய நாகரிகம். சின்ன ராக்கெட்ல கிரகம் கிரகமாப் போய் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும், 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை சூரியன் வெடிச்சு எல்லாம் முதல்ல இருந்து. மிஞ்சுறது உங்க தலையில ஏறினது மட்டும்தான், அதுவே சாவி. எந்தப் பூட்டும் பொருளால தொறக்காது, விஷயம் தெரிஞ்சா தொறக்கும், முழுசாத் தெரிஞ்சவன் ஒரே சுத்துல முடிச்சிட்டுப் போயிடலாம். இங்கி பிங்கியை இதை விடச் சுத்தமா ஒழிச்ச கேமை நான் பாக்கல. இதுக்கு மேல ஒரு வரி சொன்னாலும் பாவம். ஆனா ராக்கெட் ஓட்டுறது கஷ்டம், எனக்கு முதல் ரெண்டு நாள் குமட்டிக்கிட்டு வந்துச்சு, கன்ட்ரோலர் இல்லாம ஆடுறது இன்னும் கொடுமை, கிராஃபிக்ஸ் கார்டும் கொஞ்சம் கேக்கும்.

இப்போ தம்பிக்கு வரேன். ஒரு மணி நேரம், சுமாரான லேப்டாப், சுமாரான இங்கிலீஷ். அவுட்டர் வைல்ட்ஸும் எல்.ஏ. நுவாரும் லேப்டாப்பால போச்சு, டிஸ்கோ நேரத்தாலயும் இங்கிலீஷாலயும் போச்சு, ஹெர் ஸ்டோரிக்கு காது வேணும். ஏஸ் அட்டர்னி ஓடும், ஆனா ஒரு கேஸை ஒரு வாரம் இழுத்தா முதல் நாள் சாட்சி என்ன சொன்னான்னே மறந்துடும். மிச்சம் கோல்டன் ஐடலும் ஓப்ரா டின்னும். எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா ஓப்ரா டின்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவனுக்கு நான் சொன்னது கோல்டன் ஐடல். ஒரு ராத்திரிக்கு ஒரு கேஸ், முடிச்சோம் படுத்தோம்னு போகும், வார்த்தைங்க எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும், தெரியாத சொல்லு வந்தா போன்ல அர்த்தம் பாத்துக்கலாம், உறைஞ்ச காட்சியைப் பாத்து யோசிக்கிற பழக்கமும் வந்துடும். அந்தப் பழக்கத்தோட ஓப்ரா டின்னுக்குப் போனா முதல் மணி நேரத்துல தெறிச்சு ஓட மாட்டான். நேரா ஓப்ரா டின்ல இறங்கி, இருபதாவது பிணத்துல ஒருத்தன் பேரும் தெரியாம மூடி வச்ச ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் ஒண்ணு செய்யுங்க, மாட்டிக்கிட்டா உடனே யூடியூப் பக்கம் போகாதீங்க, தலைப்புப் படத்துலயே கொலைகாரன் மூஞ்சியைப் போட்டு வச்சிருப்பாங்க படுபாவிங்க. ஒரு நாள் விட்டுட்டு குளிக்கிறப்போ யோசிங்க, வந்துடும்.

தம்பி கோல்டன் ஐடலை வாங்கி ரெண்டு வாரத்துல முடிச்சிட்டான். திங்கக்கிழமை லஞ்ச்ல வந்து உக்காந்து, அண்ணே அடுத்து அந்தக் கப்பல்தான், பேரெல்லாம் எழுதி வச்சிருந்தீங்கல்ல, அந்த நோட்டை ஒரு வாரம் குடுங்கண்ணேன்னான். தர மாட்டேன்னுட்டேன், அறுபது பேரோட விடையும் அதுலதானே இருக்கு. அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், யாராவது வந்து கேட்டா எடுத்துக் குடுத்துடாதீங்கன்னு.